முதற்பதிப்பும் முழுப்பதிப்பும்

பாடியில் பேட்ச் நம்பர் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று 1960களில் வந்த தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஒரு உதிரிப்பாகத்தில் பழுது என்று புகார் வந்தால், அதன்மேல் பொறித்த எண்ணை வைத்து எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று பின்னோக்கிப் போய்விடலாம். பொருள் எங்கே போனாலும் தன் பிறப்புச் சான்றிதழைச் சுமந்துகொண்டே போகிறது.

புத்தகத்துக்கும் அப்படி ஒரு சான்றிதழ் உண்டு. தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்புறம் இருக்கும். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, யார் வெளியிட்டது, எங்கே அச்சானது, என்ன விலை என்று பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களில் ஒரு பகுதியினர் சேகரிப்பாளர்கள். முதற்பதிப்பு என்றால் விலை கூடும் என்பதற்காகப் படிப்பார்கள். பெண்கள் எழுதியதைத் தேடிப் போகிற நாமும் அந்தப் பக்கத்தைப் படிக்கப் பழக வேண்டும். காரணம் விலை அல்ல. ஒரு பெண் எழுதியது அச்சேறும் வழியில் எங்கே வெட்டுப்பட்டது, யார் கை வைத்தார்கள், யாருடைய பெயர் விடுபட்டது என்று கேட்டால் பதில் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

'ராதிகா சாந்தவனம்' நூலின் கதையை எடுத்துக்கொள்வோம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் காலத்தில் வாழ்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய காவியம் அது. முத்துப்பழனி தேவதாசி மரபில் வந்தவர். நூலின் முகப்பில் தன் வமிசத்தைச் சொல்லும்போது பாட்டி தஞ்சநாயகியைப் பெருமையோடு குறிப்பிட்டு, பெண்களின் வழியாகவே எண்ணிக்கொண்டு வருகிறார். 1887இல் இந்தக் காவியத்தை வெங்கடநரசு என்பவர் பதிப்பித்தார். அந்தப் பதிப்பில் முகப்புப் பகுதி இல்லை. காமத்தை வெளிப்படையாகப் பாடிய பாடல்கள் சிலவும் இல்லை. அதாவது, அச்சில் வந்த முதல் 'ராதிகா சாந்தவனம்' தன் பாட்டியை இழந்துவிட்டிருந்தது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த அச்சுப் பிரதியையும் கைப்பிரதியையும் தேடிப் பெற்று ஒப்பிட்டுப் பார்த்தார். விடுபட்டதைச் சேர்த்து, 1910இல் சென்னை வாவிள்ளா ராமசாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் வழியாக முழு நூலையும் வெளிக்கொண்டு வந்தார். அப்போதைய சீர்திருத்தத் தலைவர்கள் முத்துப்பழனியைத் தூற்றியதற்கு முன்னுரையில் பதிலும் சொன்னார். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, இதைவிடப் பச்சையாக எழுதிய ஆண் புலவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை என்பது அவர் கேள்வியின் சாரம். 1911இல் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்கியது 1947இல். மறுபடி நூல் வெளிவந்தது 1952இல். நாகரத்தினம்மாள் மறைந்ததும் அதே ஆண்டு.

சேகரிப்பாளரின் கணக்கில் 1887தான் முதற்பதிப்பு. 1910 பின்னால் வந்தது. ஆனால் நமக்கு எது முதல்? முத்துப்பழனியின் கணக்கில் முழு நூல் அச்சில் பிறந்தது 1910இல்தான். இருந்தாலும் 1887இன் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. அது இருப்பதால்தான் என்ன வெட்டப்பட்டது என்று நமக்குத் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வெட்டு கண்ணுக்குத் தெரியும். முதற்பதிப்பின் மதிப்பு அது முதலில் வந்தது என்பதில் இல்லை. அது ஒரு சாட்சி என்பதில் இருக்கிறது. ஒரு சாட்சி போதாது என்பதையும் இந்தக் கதை சேர்த்தே சொல்கிறது.

ஒரே சொல், பல வேலை

தமிழில் 'பதிப்பு' என்ற ஒரு சொல்லுக்குப் பல வேலை. பாடத்தைத் திருத்தி, எழுத்தைப் புதிதாகக் கோர்த்து வெளியிட்டாலும் அது 'இரண்டாம் பதிப்பு'. ஒரு புள்ளியும் மாறாமல் திரும்ப அச்சடித்தாலும் 'இரண்டாம் பதிப்பு'. முன்னதுதான் உண்மையில் புதிய பதிப்பு. பின்னது மறு அச்சு. இதைவிடக் குழப்பமானது இன்னொரு பழக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் வந்த நூலை வேறொரு பதிப்பகம் எடுத்து வெளியிடும்போது, தான் வெளியிட்ட ஆண்டையே 'முதற்பதிப்பு' என்று போட்டுவிடும். அந்தப் பதிப்பகத்துக்கு அது முதல்தான், பொய் இல்லை. ஆனால் வாசகருக்கு 1930களில் எழுதிய பெண் 2000களில் எழுதியவராகத் தெரிவார். அவர் யாருக்கு முன்னால் எழுதினார், யாருக்குப் பதிலாக எழுதினார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அழிந்துபோகும்.

பதிப்புப் பக்கம் கிழிந்துபோன பிரதி கையில் கிடைத்தாலும் வழி இருக்கிறது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று கொள்ளலாம். 'ந.பை.' என்று இருந்தால் ஏறத்தாழ 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முகவரியில் 'சென்னை-5' என்று ஓரிலக்கமோ ஈரிலக்கமோ மட்டும் இருந்தால் 1972க்கு முன்னதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறிலக்கப் பின்கோடு வந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல். ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளில் ஐகாரம் யானைத் துதிக்கைபோலச் சுருண்டிருந்தால் பழைய எழுத்து. எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978இல். பெரியார் தன் இதழ்களில் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார் என்பதையும், பழைய வார்ப்பெழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் 1978க்குப் பிறகும் சில ஆண்டுகள் அவற்றையே ஓட்டின என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் 1960 என்று போட்ட ஒரு சாதாரண நாவலில் புதிய லை இருந்தால், அது 1960இல் கோர்த்த எழுத்து அல்ல என்று சந்தேகப்படலாம். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய மேடு தட்டுப்பட்டால் லெட்டர்பிரஸ், வழவழவென்றிருந்தால் ஆஃப்செட்.

எதையும் தனியாக நம்பக் கூடாது. நான்கைந்து அடையாளங்கள் ஒரே ஆண்டைச் சுட்டும்போதுதான் முடிவுக்கு வரலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்கள் எழுதியதில் பெரும்பங்கு முதலில் புத்தகமாக வரவே இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பாருங்கள். எழுதப் பழகுவதற்கு முன் தன் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைக் கோதைநாயகி நடத்தினார். அவருடைய நாவல்கள் தொடராக வந்தது அதில்தான். புத்தகங்களின் முதற்பதிப்பை மட்டும் தேடுகிறவர், அவை முதலில் வாசகர் கையில் கிடைத்த இடத்தைத் தவறவிடுவார். பட்டம்மாளின் கையெழுத்து எந்தப் பதிப்புப் பக்கத்திலும் வராது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கையால் செய்த நூல்கள்

பதிப்பு விவரத்தை ஒளிக்காமல், பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரு மரபும் இருக்கிறது. சிறிய அச்சகங்கள், நல்ல தாள், கையால் கோர்த்த எழுத்து, குறைந்த பிரதிகள். ஓலைச்சுவடி எழுதியவர்கள் கடைசி ஏட்டில் நாளையும் பெயரையும் குறித்து, பிழை பொறுக்க வேண்டிக்கொண்டதைப் போல, இவர்களும் நூலின் கடைசிப் பக்கத்தில் எப்போது, எங்கே, யார், எந்தத் தாளில் அச்சிட்டார்கள் என்று எழுதினார்கள்.

அயர்லாந்தில் எலிசபெத் யேட்ஸ் அப்படி ஒருவர். 1902இல் ஈவ்லின் கிளீசன் டப்ளினுக்கு அருகே தொடங்கிய டன் ஈமர் கைவினைக் கூடத்தில் அவர் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். லண்டனில் பெண்கள் நடத்திய அச்சகச் சங்கத்தில் தொழில் கற்று வந்திருந்தார். ஊர்ப் பெண்களுக்கு எழுத்துக் கோர்க்கவும் கை அச்சு இயந்திரத்தை இயக்கவும் சொல்லிக்கொடுத்தார். 1903இல் வந்த அவர்களின் முதல் நூல் 325 பிரதிகள். 1908இல் பிரிந்து 'குவாலா' என்ற பெயரில் தன் அச்சகத்தை நடத்தினார். அந்த நூல்களை அடையாளம் காண்பது எளிது. கடைசிப் பக்கக் குறிப்பில் அச்சகத்தின் பெயரும் முடித்த நாளும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கும்.

ஆனால் இன்று அந்த நூல்களை ஏலத்தில் எடுப்பவர்களில் பலர் தேடுவது அவருடைய அண்ணன், கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸின் முதற்பதிப்புகளை. விற்பனைப் பட்டியலில் அண்ணன் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். எழுத்துக் கோர்த்த பெண்கள் 'நல்ல நிலையில் உள்ள பிரதி' என்ற சொற்களுக்குள் போய்விடுவார்கள். நூல் தன்னைச் செய்தவர்களைச் சொல்கிறது; சந்தைதான் அதைக் காதில் வாங்குவதில்லை.

சென்னையில் இந்த மரபுக்கு மிக அருகில் நிற்பது தாரா புக்ஸ். கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கியது. பெண்ணிய வரலாற்றாய்வாளர் வ. கீதா அதன் ஆசிரியர் குழுவை வழிநடத்துபவர். பருத்திக் கழிவிலிருந்து செய்த கைத்தாளில், திரை அச்சில், கையால் தைத்த நூல்களால் உலகம் முழுவதும் அறியப்பட்ட பதிப்பகம் அது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. ஒவ்வொரு தாளையும் அத்தனை முறை கையால் மை இழுத்து, காயவைத்து, மறுபடி எடுக்க வேண்டும். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்கள் சேர்ந்து செய்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2006இல் வந்தது. கறுப்புத் தாளில் மரங்கள்.

அந்த நூலின் முதற்பதிப்பை எப்படி அறிவது? பதிப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அட்டையையும் பார்க்க வேண்டும். மறுபதிப்புகளுக்கு வெவ்வேறு ஓவியத்தை அட்டையில் வைப்பது அந்த நூலின் வழக்கம். பிரதிக்குப் பிரதி கையால் எண் இடப்பட்டிருக்கும். எண் சிறியதாக இருந்தால் முதலில் அச்சானது என்று நினைக்க வேண்டாம். தாள்கள் நிறம் நிறமாக அச்சாகி, அடுக்கி, தைத்து முடிந்த பிறகு எண் இடுகிறார்கள். எண் அந்தப் பிரதியைச் சுட்டும், அச்சின் வரிசையைச் சுட்டாது. பிற மொழிப் பதிப்புகளும் சென்னையில் கையால் அச்சானவைதான். 'முதல்' என்று சொன்னால் எந்த மொழியில் முதல் என்றும் சொல்ல வேண்டும்.

டன் ஈமரின் 325 பிரதிகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே குறைவாக அச்சிடுவதே மதிப்பு. இங்கே கை வேலை என்றாலும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, தீர்ந்தால் திரும்ப அச்சிடுகிறார்கள். அருமையைச் செயற்கையாக உண்டாக்குவதில்லை. மறுபதிப்பு வந்தால் சேகரிப்பாளரின் முகம் வாடும். ஓவியருக்கும் வாசகருக்கும் அது நல்ல செய்தி.

யாருடைய பெயர் அட்டையில் வருகிறது என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. மதுபனியில் வீட்டு வேலை செய்துகொண்டே ஓவியம் கற்ற துலாரி தேவியின் வாழ்க்கையைத் தாரா நூலாக்கியபோது, அவர் பெயர் நன்றியுரையில் ஒதுங்கவில்லை; ஆசிரியராக அட்டையில் நின்றது. அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2021இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு பதிப்புப் பக்கம் அவரை ஆசிரியர் என்று பதிவு செய்துவிட்டது.

சென்னையில் பிறந்த கனவு

தாராவின் இன்னொரு நூல் முதற்பதிப்பு என்ற சொல்லையே சோதித்துப் பார்க்கிறது. ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. ஆண்கள் அடைபட்டு, பெண்கள் அறிவியலின் துணையோடு நாட்டை ஆளும் கதை. தாரா 2005இல் துர்கா பாயின் ஓவியங்களோடு அதை வெளியிட்டது. பல வாசகர்கள் வங்காளத்துக் கதை என்றே அதை அறிவார்கள், ரொக்கேயா வங்காளத்தவர்தான். ஆனால் அந்தக் கதை முதலில் அச்சானது சென்னையில். கமலா சத்தியநாதன் 1901 முதல் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில், 1905இல் அது வெளிவந்தது. கல்கத்தாவில் புத்தகமானது 1908இல்.

ஆக, முதற்பதிப்பு எது? முதலில் வெளிவந்தது 1905, சென்னை இதழ். புத்தக வடிவில் முதல் 1908, கல்கத்தா. துர்கா பாயின் கண்ணோடு முதல் 2005, மீண்டும் சென்னை. பழம்புத்தக வணிகர்கள் கடைசியானதை 'இந்த வடிவில் முதல்' என்பார்கள். மூன்றும் உண்மை. 1908ஐ மட்டும் பிடித்துக்கொண்டால், ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கதையை வாங்கிப் படித்து, இதழில் இடம் கொடுத்த முதல் செயல் காணாமல் போகும். ஆசிரியராகக் கமலா செய்த வேலை அது. யுனெஸ்கோ 2024இல் இந்தக் கதையை ஆசிய பசிபிக் பகுதிக்கான உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கொண்டாடும்போது, அதை முதலில் அச்சிட்ட ஊரில் இருக்கும் நாம் கமலாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.

யார் பதிவு செய்வார்கள்?

இந்தியாவில் அச்சான நூல்களுக்கு ஒரு பெரிய பேரேடு இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் அச்சு உலகத்தின் மேல் ஒரு கண் வைத்திருக்க விரும்பிய காலனி அரசு, 1867இல் அச்சகம், நூல் பதிவு குறித்த சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும். எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, எத்தனை பக்கம், என்ன விலை என்றெல்லாம் பதிவாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும். கண்காணிக்க எழுதிய பேரேடுதான். 'ராதிகா சாந்தவன'த்தைப் பறிமுதல் செய்த அரசின் பேரேடு அது. ஆனாலும் இன்று மறந்துபோன பெண் எழுத்தாளரைத் தேடுகிறவருக்கு அந்தப் பட்டியல் பெரிய துணை.

2023இல் வந்த புதிய சட்டம் பருவ இதழ்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. நூல்கள் அதில் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமை இருக்கிறது. ஆனால் 300 பிரதி போடும் சிறிய பதிப்பகமும், தன் கவிதையைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பெண்ணும் அதைச் செய்யாமல் விட்டால் எங்கும் தடம் இருக்காது.

தடம் இல்லாமல் போவது என்றால் என்னவென்று ஈழத்தைப் பார்த்தால் தெரியும். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. 1986இல் அதே யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற சிறு கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் எழுதியவர்களில் ஒருவர் சிவரமணி. 1991 மே மாதம் தன் கைவசமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நமக்கு மிஞ்சியவை நண்பர்களிடம் இருந்தவையும் அதற்குள் அச்சில் வந்துவிட்டவையும்தான். கைப்பிரதியே இல்லாத இடத்தில் மெலிந்த ஒரு சிறு தொகுப்பு மூலப்பிரதி ஆகிவிடுகிறது. அதற்கு எந்த ஏலத்திலும் விலை போட முடியாது.

ஆகவே சிறு பதிப்பகம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிப்புப் பக்கத்தை மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்காதீர்கள். முன்பு வேறெங்காவது வந்திருந்தால் அந்த இதழையும் ஆண்டையும் போடுங்கள். திருத்திய பதிப்பா, மறு அச்சா என்று தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை பிரதி என்று எழுதுங்கள். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் தாளின் எடை, எழுத்தின் புள்ளி அளவு, கட்டமைப்பு வரை 'நூல் விவரம்' என்று ஒரு பட்டியலே இருக்கும். அந்த நல்ல வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். மெய்ப்புப் பார்த்தவர், அட்டை செய்தவர் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். பைண்டிங் கூடத்தில் பீஸ் கணக்குக்கு ஃபாரம் மடித்து, அடுக்கி, தைக்கும் பெண்களின் பெயரும் அச்சில் வரட்டும். நான்கு வரி கூடும், அவ்வளவுதான்.

வாசகர்களிடமும் ஒன்று. அம்மாவோ பாட்டியோ சேர்த்து வைத்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெண் பெயரும் பழைய ஆண்டும் கேள்விப்படாத அச்சகமும் இருந்தால், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்போல ஓரிடத்தில் அதன் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். தட்டையான அந்த மஞ்சள் தாள் கிலோவுக்குச் சில ரூபாய்தான் பெறும். ஒருவேளை அதுதான் அந்தப் பெண் எழுதினார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம்.